ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கிற ரத்தம் என்ன சொல்கிறது?



குழுவில் ஒருவருக்கு கேன்சர் ஆபரேஷன் என்றால் அவசரக் கடன் கொடுக்கிறோம், துணைக்கும் போகிறோம். ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது. "நம்பர் ஏறிப் போச்சாம், இனிமே ஆபரேஷன் செஞ்சு என்ன பிரயோஜனம்?" என்று வீட்டிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த நம்பர் என்ன என்று பார்ப்போம்.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடும். இதற்குப் பெயர் அழற்சி. முள்ளை எடுத்தால் ஆறிவிடும். கேன்சர் கட்டி எடுக்காத முள் மாதிரி. சாம்பலுக்கு அடியில் கங்கு கிடப்பதுபோல உடம்பெங்கும் அழற்சி இருந்துகொண்டே இருக்கலாம். வெளியே தெரியாது, ரத்தத்தில் தெரியும்.

அப்போது கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகம் சுரக்கும். 1930இல் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது இது. ஆல்புமின் என்ற இன்னொரு புரதம் குறையும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் இரண்டையும் சேர்த்து மார்க் போட்டார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் என்றால் 0. அதற்கு மேலே போனால் 1. அதோடு ஆல்புமினும் 100 மில்லிக்கு 3.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் 2. பிள்ளைகளின் பரீட்சை மாதிரி இல்லை, இதில் மார்க் குறைந்தால்தான் நல்லது. 2 வாங்கியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் அதிகம் வருகிறது என்று குடல் கேன்சர் போன்றவற்றில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சில லேபில் சி.ஆர்.பி.யை லிட்டர் கணக்கில் எழுதுவார்கள், சில லேபில் 100 மில்லி கணக்கில். அங்கே 12, இங்கே 1.2, இரண்டும் ஒன்றுதான். இது தெரியாமல் "பத்து மடங்கு ஏறிடுச்சு" என்று அழுதவர்கள் உண்டு.

சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நியூட்ரோபில் 60, லிம்போசைட் 30 என்றால் 60ஐ 30ஆல் வகுத்தால் 2. அதுவே 80ம் 10ம் என்றால் 8. கூடக்கூடக் கவனம் வேண்டும். வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது பெரிய கணக்கா?

ஆனால் பல் ஈறில் சீழ், சிறுநீரில் தொற்று, மூட்டுவாதம், சாதாரணக் காய்ச்சல் இருந்தால்கூட இந்த நம்பர்கள் ஏறும். அதனால் இது தலையெழுத்து இல்லை. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார். நம்பர் கூடுதல் என்று நாமாக ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் முள் உள்ளேயேதான் இருக்கும். "வேற தொற்று எதுவும் இருக்கா சார்? அதைச் சரி செஞ்சுட்டு மறுபடி பார்க்கலாமா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

முட்டை சாப்பிட்டதும் ஆல்புமின் ஏறிவிடாது, அழற்சி தணியணும். அதற்காகப் பத்தியம் என்று வெறும் கஞ்சி கொடுத்தால் தசைதான் கரையும். டாக்டர் தடுக்காதவரை பருப்பு, முட்டை, மீன் கொடுங்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் "தினமும் ரத்தம் உறிஞ்சுறாங்க" என்று கோபப்படுகிறோம். கத்தி பட்ட உடம்பில் சி.ஆர்.பி. இரண்டு மூன்று நாள் ஏறத்தான் செய்யும், பிறகு இறங்கணும். குடல் ஆபரேஷனில் நான்காம் நாளும் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால், தைத்த இடத்தில் கசிவு உண்டா என்று டாக்டர்கள் தேடுவார்கள். துணைக்குப் போகிறவர் தினமும் கேட்க வேண்டியது இதுதான்: "நேத்தைக்கு இன்னைக்கு இறங்கியிருக்கா?"