குடியில் ருசி வேறு, வேட்கை வேறு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் அங்கத்தினர்கள் நம்மிடம் கூறும் குறை ஒன்றுண்டு. "அவனுக்குக் குடியில் அத்தனை ருசி, கடனைக் கட்டாமல் குடிக்கிறான்" என்பர். ஜாமீன் நின்றவர் தம் கைப்பணத்தைக் கட்ட நேரும்போது கோபம் எழுவது இயல்பே. ஆயினும், மூளையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கண்டது வேறு.

1954-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் கம்பி வழியே சிறிதளவு மின்சாரம் பாயும். எலிகள் ஓயாமல் அழுத்தின. பிற்காலச் சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய எலிகளும் உண்டு. அப்பகுதிக்கு 'இன்ப மையம்' என்ற பெயர் பரவிற்று. அவசரப்பட்டு இட்ட பெயர் என்பதே நமது எண்ணம்.

மூளையில் டோபமைன் என்றொரு பொருள் சுரக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பார் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அதனை ஆராய்ந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. விளக்கெரிந்தால் சாறு வரும் எனக் குரங்கு பழகியபின், விளக்கைக் கண்டபோதே துடித்தன. சாறு வந்தபோது வாளாவிருந்தன. விளக்கெரிந்தும் சாறு வராவிடில், வரவேண்டிய அந்நேரத்தில் துடிப்பு தாழ்ந்தது. நம் சங்கத்து மொழியில் சொன்னால், மதிப்பீட்டிற்கும் உண்மை வரவிற்கும் உள்ள வித்தியாசத்தையே டோபமைன் தெரிவிக்கிறது. சாராயமும் புகையிலையும் அபினியும் இவ்விடத்தில் பொய் வரவு எழுதுகின்றன. எத்தனை முறை குடித்தாலும் 'எதிர்பார்த்ததினும் மிகுதி' என்றே பதிவாகிறது. சங்கத்தில் இப்படி எழுதினால் நாம் குறிப்பெழுதிவிடுவோம்; மூளைக்குத் தணிக்கையாளர் இல்லை!

அமெரிக்காவில் கென்ட் பெரிட்ஜ் என்பாரும் அவரைச் சார்ந்தோரும் டோபமைன் அற்றுப்போன எலிகளை ஆராய்ந்தனர். அவை உணவைத் தேடவே இல்லை. ஆனால் வாயில் சர்க்கரை நீரை விட்டால் முன்போலவே சுவைத்து நக்கின. வேட்கை ஒன்று, ருசி மற்றொன்று என்பது இதனால் விளங்கிற்று. போதையில் வளர்வது வேட்கையே.

இனி, வெறுப்பின் பக்கம். சாராயம் நரம்புகளை அடக்குகிறது. நாளடைவில் மூளை அதற்கீடாகத் தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொள்கிறது. குடி நின்றதும் அக்கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, இன்னதென்றறியாத அச்சம்! நடுங்கும் கையால் அறுந்த இழையை முடிச்சிட இயலுமோ? ஒரு மிடறு உள்ளே போனால் நடுக்கம் அடங்கும். காலையில் அவர் குடிப்பது இன்பத்திற்கன்று, தறியில் உட்காருவதற்கே.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமைப்பட்ட அமெரிக்கப் போர்வீரர்கள் 1971-இல் நாடு திரும்பினர். லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் அவர்களைத் தொடர்ந்து விசாரித்ததில், முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவரளவே. காரணங்கள் பல, போதையை நினைவூட்டிய இடமும் தோழமையும் பின்தங்கிவிட்டமை அவற்றுள் ஒன்று. ஊரிலேயே இருப்பவருக்கோ கடைத்தெருவே அந்த விளக்கு. கூலி நாளன்று வீட்டார் ஒருவர் உடன் சென்று வேறு வழியாக அழைத்துவருவது, பத்து நாள் ஏசுவதினும் பயன் தரும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவரைச் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டில் பூட்டிவைக்கலாகாது. நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் காட்டுதல் வேண்டும்.