காணி வாங்கிய தீர்க்கதரிசி

வாசிக்க: எரேமியா 32

கி.மு. 587 அளவில் பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா காவலில் இருந்தார். அவ்வேளையில், ஆனதோத்தில் உறவினன் அனாமெயேலுக்கிருந்த காணியை வாங்கும்படி கர்த்தர் சொன்னார். போய்ப் பார்க்கவும் வழியில்லாத காணி!

எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் முன் உறுதி முடித்தார். நெடுநாள் பழுதாகாதிருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். விசுவாசம் போதுமென்று கடதாசி வேலையை அவர் விட்டுவிடவில்லை, பாருங்கள்.

பிறகுதான், நகரம் விழப்போகையில் இது எதற்கு என்று ஜெபத்தில் கேட்டார். அப்படிக் கேட்பது அவிசுவாசமல்ல. இந்நாட்டில் மறுபடியும் காணி வாங்கப்படும் என்பதே பதில். அவரோ பின்பு எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்நிலத்தை உழுததாக வேதம் கூறவில்லை.

கலந்துரையாட: உங்கள் காணி உறுதி அல்லது பேமிற் எங்கே இருக்கிறது? வீட்டில் வேறு யாருக்கு அது தெரியும்?