கோழிக்கூண்டும் சிற்றுண்ணியும்



கோழி வளர்ப்பு நம் மக்களுக்குப் புதியதன்று. பேரா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் லயன் வீடுகளில் வாழ்ந்த காலத்திலேயே, வீட்டின் பின்புறம் பலகையாலும் தகரத்தாலும் கட்டிய சிறு கோழிக்கூண்டு இருந்தது. மாதக் கடைசியில் கையில் காசு இல்லாத வேளையிலும் பிள்ளைகளின் தட்டில் முட்டை இருந்ததற்கு அக்கூண்டே காரணம். பின்னர் இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பல, தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. ஆயினும் கோழி வளர்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. தாப்பாவுக்கும் சுங்கைக்கும் இடையில் மலையடிவாரத்தில் அமைந்த நம் பீடோரில், கொய்யா மரத்தடியில் குஞ்சுகளோடு மேயும் நாட்டுக்கோழியை இன்றும் காணலாம்.

இக்கோழிகளுக்கு வரும் துன்பங்களுள் ஒன்று, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிரால் வருகிறது. அடைகாக்கும் கோழி முட்டைகளை விட்டு எழுந்துவிடுகிறது, கொண்டை வெளுக்கிறது, முட்டை குறைகிறது, நேற்று ஓடிய குஞ்சு இன்று காலையில் இறந்து கிடக்கிறது, முட்டை எடுக்கச் சென்ற பிள்ளை இரவெல்லாம் உடலைச் சொறிகிறது. "சீக்கு வந்துவிட்டது" என்று சொல்லிச் சிலர் கைவிடுகின்றனர். வேறு சிலர் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கோழியின்மேல் தெளித்துவிடுகின்றனர். காரணம் அறியாமல் செய்யும் மருத்துவம் நோயினும் கொடியது. ஆதலால் அக்காரணத்தையும், நஞ்சின்றி அதனை நீக்கும் வழியையும் இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பகைவன் யார்?

கோழியின் உடலிலும் கூண்டிலும் ஊரும் சிறு உயிர்கள் அனைத்தையும் நாம் "கோழிப்பேன்" என்றே அழைக்கிறோம். உண்மையில் அவை இருவகை. முதல் வகை இறகுப்பேன். அதற்கு ஆறு கால்கள். மஞ்சள் நிறமும் தட்டையான உடலும் கொண்ட அது, இறகையும் தோல் துகளையும் தின்று கோழியின் உடலிலேயே வாழ்கிறது.

இரண்டாம் வகை சிற்றுண்ணி. மலாய்மொழியில் இதனை ஹாமா என்பர். வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால்கள். ஆகவே இது பூச்சியினம் அன்று. சிலந்திக்கும் நாயுண்ணிக்கும் உறவானது. இதன் நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதாவது ஊசிமுனையால் வைத்த ஒரு புள்ளி. பசித்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் தோன்றும்.

இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகளுள் இரண்டை நாம் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, செந்நிறச் சிற்றுண்ணி. இது பகலில் பலகை இடுக்குகளில் பதுங்கியிருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் இடுக்கிற்கே திரும்பிவிடும். பகலில் கோழியைப் பிடித்து எவ்வளவு தேடினாலும் பெரும்பாலும் அகப்படாது. மற்றொன்று, நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் மிகுதியாகக் காணப்படும் வெப்பநாட்டுச் சிற்றுண்ணி. இது கோழியின் உடலிலும், அது படுக்கும் கூட்டிலும் சேர்ந்து வாழும். கோழியின் பின்புறத்து இறகுகள் அழுக்கேறிக் கருத்திருப்பது இதன் அடையாளம்.

இவ்விரண்டிற்கும் பொதுவான செய்தி ஒன்றுண்டு: இவற்றின் முட்டையும் குஞ்சும் கூட்டிலும் கூண்டிலும் இருக்கின்றன. ஆகவே கோழிக்கு மட்டும் மருத்துவம் செய்து கூண்டை விட்டுவிட்டால், செய்த வேலை வீணாகும். இப்பாடத்தின் உயிர்க்கருத்து இதுவே.

பெருகும் வேகம்

செந்நிறச் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் 30 முட்டைகள் வரை இடும். வெப்பமான இடத்தில் முட்டை 2 அல்லது 3 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்கு ஆறு கால்களே இருக்கும். அது இரத்தம் குடிப்பதில்லை. தோலுரித்து எட்டுக் கால் பெற்றபின் குடிக்கத் தொடங்கும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 7 நாட்களே போதும்.

மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். 30 முட்டைகளில் பாதி பெண் என்று கொள்வோம். முதல் தலைமுறையில் 15 பெண்கள், இரண்டாவதில் 225, மூன்றாவதில் 3,375. இவை அனைத்தும் பிழைத்துவிடுவதில்லை. எறும்பும் வெயிலும் பலவற்றை அழிக்கும். எனினும் சில வாரங்களில் கூண்டு நிறைந்துவிடுவதன் காரணம் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

ஈரமும் வெப்பமும் இவற்றுக்கு உகந்தவை. நம் வட்டாரத்தில் அவ்விரண்டிற்கும் குறைவில்லை. மழைக்காலத்தில் கூண்டு காயாமல் இருந்தால் விழிப்பு மிகுதியாக வேண்டும்.

இவை எங்கிருந்து வருகின்றன? சந்தையில் வாங்கிய புதுக்கோழியோடு வரலாம். இரவல் வாங்கிய கூடையோடு வரலாம். கூரையடியில் கூடு கட்டும் மைனாவும் சிட்டுக்குருவியும் கொண்டுவரலாம். ஆகவே புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

கண்டறியும் முறை

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அலைமடிப்புள்ள பெட்டி அட்டையில் உள்ளங்கையளவு ஒரு துண்டு வெட்டி, கோழி இரவில் அமரும் கொம்பின் அடியில் கட்டுங்கள். சிற்றுண்ணி பதுங்குவதற்கு அட்டையின் மடிப்பு நல்ல இடமாகும். இரண்டு நாள் கழித்து, பகலில் அதனை அவிழ்த்து, வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். புள்ளிகள் நகர்ந்தால் அவை சிற்றுண்ணிகள். குச்சியால் நசுக்கும்போது சிவப்புக் கோடு விழுந்தால் அது கோழியின் இரத்தம்.

இரவில் கைவிளக்கோடு சென்று கொம்பின் முனைகளையும் பலகை இடுக்குகளையும் பார்ப்பது மற்றொரு முறை. இடுக்குகளில் உப்பும் மிளகும் கலந்து தூவியதுபோல் வெண்மையும் கருமையுமான தூள் காணப்பட்டால், அது உரித்த தோலும் கழிவும் ஆகும்.

மூன்று முறை துப்புரவு

ஒரு நாள் கழுவிவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. இடுக்கில் தங்கிய முட்டைகள் மறுநாளே பொரிக்கத் தொடங்கும். ஆனால் அவை வளர்ந்து முட்டையிடுமுன் மீண்டும் துப்புரவு செய்தால் அவற்றின் சங்கிலி அறுந்துவிடும். ஆதலால் முதல் நாள், 6ஆம் நாள், 11ஆம் நாள் என மூன்று முறை இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

1. வெயிலுள்ள காலையில் கோழிகளை வெளியே விட்டுக் கூண்டைக் காலி செய்க.

2. முட்டையிடும் பெட்டியிலுள்ள வைக்கோல், கோணிச்சாக்கு, காய்ந்த புல் அனைத்தையும் பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, முழு வெயிலில் சில நாள் வைத்துப் பின்னர்க் குப்பையில் சேர்க்க.

3. எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுக. பிறகு கொதிக்கும் நீரை இடுக்குகளிலும் ஆணித் துளைகளிலும் ஊற்றுக. கொதிநீர் ஊற்றுவது பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

4. கூண்டு நன்கு காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்து இடுக்குகளை அடைத்துவிடுக.

5. கோழி அமரும் கொம்பு மூங்கிலானால், அதன் துளையே சிற்றுண்ணியின் மாளிகையாகிவிடும். வழவழப்பாகச் சீவிய, பட்டை நீக்கிய கட்டையை மாட்டுக. அது சுவரைத் தொடாமல் தனிக் கால்களில் நிற்கட்டும். எறும்பு ஏறாமலிருக்க உணவு அலமாரியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைப்போமன்றோ? அவ்வாறே இக்கால்களையும் சவர்க்கார நீர் ஊற்றிய டின்களில் நிறுத்துக. டின்னில் கொசு உண்டாகாதபடி நீரை அடிக்கடி மாற்றுக.

மூன்றாம் துப்புரவிற்குப் பின் மீண்டும் அட்டைத் துண்டைக் கட்டிச் சோதித்துப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்திருப்பதை நீங்களே காண்பீர்கள்.

புழுதிக் குளியல்

கோழி மண்ணில் குழி பறித்துப் புரள்வதை நாம் கண்டிருக்கிறோம். அது விளையாட்டன்று, உடலைக் காத்துக்கொள்ள இயற்கை கற்றுக்கொடுத்த குளியல். மழைக்காலத்தில் மண் நனைந்திருப்பதால் அக்குளியல் தடைப்படுகிறது. கூரையின்கீழ் அகலமான பெட்டியொன்றை வைத்து, காய்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும் நிரப்பிவைத்தால் போதும்.

இதற்கு அறிவியல் சான்றும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மணலோடு கந்தகத் தூளோ மென்களிமண் தூளோ கலந்த புழுதிப் பெட்டியைக் கோழிகளுக்கு வைத்தனர். அதில் குளித்த கோழிகளின் உடலில் சிற்றுண்ணியும் பேனும் ஒரு வாரத்தில் பெருமளவு குறைந்தன. கந்தகம் இரப்பர்த் தோட்டத்தாருக்குப் புதியதன்று. மரத்தின் இலைநோய்க்குத் தூவப்பட்ட மஞ்சள் தூளே அது. ஆயினும் கண்ணையும் மூச்சையும் எரிக்கக்கூடியதாகையால், பெரியவர் ஒருவர் முகமூடி அணிந்து சிறிதளவே கலக்க வேண்டும்.

கால் செதில் தடித்தால்

மற்றொரு சிற்றுண்ணி கோழியின் காற்செதிலுக்குள் துளையிட்டு வாழ்கிறது. அதனால் செதில்கள் மேலெழும்பி, கால் சுண்ணாம்பு பூசியதுபோல் தடிக்கும். நாளடைவில் கோழி நொண்டும். வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் காலை ஊறவைத்து, மென்மையாகத் துடைத்து, வாசலினைத் தடித்த பூச்சாகப் பூச வேண்டும். உள்ளிருக்கும் சிற்றுண்ணி மூச்சடைத்து மடியும். சில நாளுக்கு ஒருமுறை எனப் பல வாரம் இதனைத் தொடர வேண்டும். செதிலைப் பிய்த்தெடுப்பதும் மண்ணெண்ணெயில் காலை முக்குவதும் கோழிக்கு வேதனை தருவனவாகும்.

நஞ்சு வேண்டா

பெற்றோர்களே, இப்பகுதியை நீங்கள் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டுகிறோம். கோழியின் மேல் தெளித்த மருந்து கோழியோடு நின்றுவிடுவதில்லை. அது தோல் வழியாகவும் தீனி வழியாகவும் உடலுட் சென்று முட்டையில் சேர்கிறது. அம்முட்டையை உண்பவர் நம் பிள்ளைகளே.

2017ஆம் ஆண்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நிகழ்ந்ததை அறிந்தால் இதன் உண்மை விளங்கும். பெரும் கோழிப்பண்ணைகளில் செந்நிறச் சிற்றுண்ணியை ஒழிப்பதற்காகத் தெளிக்கப்பட்ட மருந்தில் ஃபிப்ரோனில் என்னும் நஞ்சு கலந்திருந்தது. நாய், பூனைகளின் உண்ணிக்குப் பயன்படும் அம்மருந்து, உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அங்குத் தடை செய்யப்பட்டதாகும். அந்நஞ்சு முட்டைகளில் காணப்பட்டதும் பண்ணைகள் மூடப்பட்டன. பல இலட்சம் முட்டைகள் அழிக்கப்பட்டன. அம்முட்டைகளும் அவற்றால் செய்த உணவுகளும் சென்றடைந்த நாடுகள் 40க்கும் மேற்பட்டவை. அதே 2017ஆம் ஆண்டில், ஃபுளூரலானர் என்னும் மருந்தைக் குடிநீரில் கலந்து கோழிகளுக்குக் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி வழங்கியது. இரண்டும் சிற்றுண்ணியைக் கொல்வனவே. ஆராய்ந்து, அளவிட்டு, அனுமதித்த பின் கொடுப்பது மருந்து. மறைத்துத் தெளிப்பது நஞ்சு.

தோட்டத் தொழிலாளருக்கு நஞ்சின் தன்மையைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்த தாய்மார் பட்ட துன்பத்தை நம் சமுதாயம் அறியும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே தோட்டத்து மருந்தை வீட்டிற்குக் கொண்டுவராதீர். மருந்தடித்த பம்பால் கூண்டைக் கழுவாதீர். மருந்து டின்னில் கோழிக்குத் தண்ணீர் வைக்காதீர்.

துப்புரவாலும் புழுதிக் குளியலாலும் அடங்காத நிலை ஏற்பட்டால், கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கோழிக்கென அனுமதிக்கப்பட்ட மருந்தையே வாங்குங்கள். எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது என்று தாளில் எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தால் அதற்குச் சிற்றுண்ணி காரணமன்று. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் நியூகாசல் நோயாக இருக்கலாம். நாட்டுக்கோழிகளை அந்நோயிலிருந்து காக்க, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை 1980களில் செர்டாங்கிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஐனி இடெரிஸ் முதலிய நம் நாட்டு அறிவியலாளர்கள் ஆராய்ந்து உருவாக்கினர். அத்தகைய வேளையிலும் தாமதமின்றி அவ்வலுவலகத்திற்கே தெரிவிக்க வேண்டும்.

பிள்ளைகளின் நலம்

சிற்றுண்ணி மனிதரையும் கடிக்கும். சிவந்த தடிப்பும் அரிப்பும் உண்டாகும். ஆனால் அது மனித உடலில் குடியிருந்து பெருகுவதில்லை. அடை முடிந்து கோழி கூட்டை விட்டு இறங்கியதும், பசித்த சிற்றுண்ணிகள் வீட்டிற்குள் ஊர்ந்து வருவதுண்டு. ஆகவே குஞ்சு பொரித்த அன்றே அக்கூட்டை அகற்றிவிடுங்கள். கூண்டைத் தொட்ட பிள்ளைகள் குளித்து உடை மாற்றட்டும். அரிப்பு நீங்காவிடில் மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் கோழி வளர்ப்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! கூண்டைக் காய வைப்பதும், நாளை எண்ணித் துப்புரவு செய்வதும், சாம்பற் பெட்டி வைப்பதும் காசு செலவில்லாத வேலைகள். அவற்றுள் உங்களால் இயன்றவற்றில் பெற்றோருக்குத் துணைநின்று, நஞ்சில்லாத முட்டையை உங்கள் வீட்டாருக்கு உரியதாக்குங்கள்.

பயிற்சி

1. இறகுப்பேனுக்கும் சிற்றுண்ணிக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினைக் கூறுக.

2. கூண்டை ஒரே நாளில் கழுவி முடித்துவிட்டால் போதாதது ஏன்?

3. முதல் துப்புரவை இம்மாதம் 9ஆம் நாள் செய்தால், அடுத்த இரண்டு துப்புரவுகளை எந்நாட்களில் செய்ய வேண்டும்?

4. உங்கள் வீட்டுக் கூண்டில் அட்டைச் சோதனை செய்து, நீங்கள் கண்டதை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.