குதிரைத்திறன் கூடினால் ஆயுள் குறையுமா?

சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்கு பைக்குகள் வரிசைகட்டி வரும். ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் புல்லட் வகையும் டியூக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் டீக்கடையில் தீர்ப்பு தயார்: “புல்லட் பேரன் காலம் வரைக்கும் ஓடும். டியூக்கு மூணே வருஷத்துல வேலை வச்சிரும்.” இதில் எவ்வளவு உண்மை?

நம்பிக்கை: அதிகம் சுற்றும் இன்ஜின் அதிகம் தேயும்.

உண்மை: சுற்றை மட்டும் பார்த்தால் போதாது, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையும் பார்க்க வேண்டும். 2021இல் வந்த புல்லட் வகை கிளாசிக் 350இன் ஸ்ட்ரோக் 85.8 மி.மீ.; உச்சத்திறன் நிமிடத்துக்கு 6,100 சுற்றில். 2017 டியூக் 390இன் ஸ்ட்ரோக் 60 மி.மீ.; உச்சத்திறன் 9,000 சுற்றில். கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் கிளாசிக்கில் வினாடிக்கு 17.4 மீட்டர், டியூக்கில் 18 மீட்டர். சிலிண்டர் சுவரில் உரசும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே போன பிஸ்டன் நின்று திரும்பும்போது விழும் இழுப்பு, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். டியூக் பிஸ்டனின் முடுக்கம் கிளாசிக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதைத் தாங்க வேண்டியது கனெக்டிங் ராடும் பேரிங்கும்.

நம்பிக்கை: பவர் கூடினால் ஆயுள் குறைந்தே தீரும்.

உண்மை: கிளாசிக் 349 சிசியில் சுமார் 20 குதிரைத்திறன் தருகிறது, டியூக் 373 சிசியில் சுமார் 43. இரு மடங்கு பவர் என்றால் அதே நேரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு பெட்ரோல் எரிய வேண்டும், அந்தச் சூடும் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் டியூக்கில் ரேடியேட்டர், ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், நிக்கல்-சிலிக்கன் பூச்சுள்ள சிலிண்டர். ஆயுளை இப்படிக் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் பூச்சு சிலிண்டர் கெட்டால் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் மாதிரி பட்டறையில் ரீபோர் போட்டு ஓட்ட முடியாது. பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ஆயில் கறுத்ததைக் கவனிக்காமல் விட்டால் புல்லட் கொஞ்ச நாள் பொறுக்கும். டியூக் பொறுக்காது; அதில் கூலன்ட் குறைந்ததைக் கவனிக்காமல் விட்டாலும் அப்படித்தான்.

நம்பிக்கை: ரேஸ் இன்ஜின்தான் இருப்பதிலேயே உறுதியானது.

உண்மை: நம் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய ஜோர்டான் காரில் இருந்தது டொயோட்டாவின் 3 லிட்டர் வி10. ஓர் இன்ஜின் இரண்டு பந்தய வாரங்கள் தாங்க வேண்டும் என்பதே அந்த ஆண்டின் விதி. ஒரு பந்தயம் சுமார் 305 கி.மீ. இரண்டும் சேர்ந்தால், தென்காசியிலிருந்து சென்னைக்குப் போகும் தூரம்தான். பயிற்சி ஓட்டத்தைச் சேர்த்தாலும் சில நூறு கிலோமீட்டர் கூடும், அவ்வளவே. உறுதி இல்லாததால் அல்ல. எவ்வளவு தூரம் ஓட வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டுமே எடையும் உலோகமும் வைத்துச் செய்ததால்.

நம்பிக்கை: மலையில் டாப் கியரிலேயே மெதுவாக ஏறினால் இன்ஜினுக்கு நல்லது.

உண்மை: புளியரை எஸ் வளைவில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு ஐந்தாம் கியரில் திணறவிடுவதுதான் கெடுதல். சுற்று குறைவாக இருக்கும்போது ஆயில் பம்பும் மெதுவாகவே சுற்றும். பேரிங் மீது விழும் அடியோ பலமாக இருக்கும். ‘கடகட’ என்று நாக்கிங் கேட்டால் உடனே ஒரு கியர் இறக்குங்கள். கிளாசிக் தன் முழு இழுவையை (27 நியூட்டன் மீட்டர்) 4,000 சுற்றில் தருகிறது. டியூக்குக்கு முழு இழுவை வர ஏறக்குறைய 7,000 சுற்று ஆக வேண்டும். டியூக்கை புல்லட் மாதிரி ஓட்டுவதும் தவறு.

நம்பிக்கை: கம்பெனி பவரை அடக்கி வைத்திருக்கிறது, ஏர் ஃபில்டரைக் கழற்றி சைலன்சரை மாற்றினால் வந்துவிடும்.

உண்மை: அடக்கி வைப்பது உண்டு. ஜப்பானில் 39 குதிரைத்திறன் தந்த யமஹா ஆர்.டி. 350, இந்தியாவில் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத்தாக 1983இல் வந்தபோது 30.5 ஆகவும், மைலேஜுக்காகப் பின்னர் 27 ஆகவும் குறைக்கப்பட்டது. ஆனால் ஃபில்டரைக் கழற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். கேரளாவுக்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிப் போகும் லாரிகளின் பின்னால் புளியரை சாலையில் அப்படி ஓட்டினால், உள்ளே போகும் கல்தூசி ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

ஆக, பவருக்கு விலை உண்டு. ஒரு பங்கை கம்பெனி உலோகத்திலும் குளிர்விப்பிலும் கட்டிவிடுகிறது. மீதியை வண்டிக்காரர் பராமரிப்பில் கட்ட வேண்டும். கையேட்டில் சொன்ன ஆயிலைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற முடியும் என்றால் டியூக் வாங்குங்கள். முடியாது என்றால் 20 குதிரைத்திறனே போதும். குற்றாலத்துக்கு அதுவும் தாராளமாகப் போய்ச் சேரும்.