காட்டுப்பன்றிக்கு ஏற்ற தோட்டா

பயிர்காவலுக்கென உரிமம் பெற்ற துவக்குடைய கமக்காரர், தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை அவ்வாறே நம்புதலாகாது. அது நீண்ட சோதனைக் குழலில் அளக்கப்படுவது. சிலர் குழல்வாயிலும் வேறு சிலர் சற்று அப்பாலும் அளப்பர். ஆகவே இரு பெட்டிகளின் எண்களை ஒப்பிடுதல் வீண்.

பன்றிக்குச் சிறு சன்னம் உதவாது, எஸ்.ஜி. தோட்டாவே வேண்டும். இதில் அவுன்சுக்கு 8 சன்னங்களே உள. தூரஞ் செல்லச் செல்ல அவை விரியும். ஒரே பெட்டித் தோட்டா எனது துவக்கிலும் அயலவர் துவக்கிலும் வெவ்வேறாக விரிந்ததைக் கண்டுள்ளேன். எனவே, உயர்ந்த மண்மேட்டின் முன் ஓரடி அகல வட்டமிட்ட கடதாசியை நிறுத்தி, 20, 30, 40 கெஜத்திற் சுட்டுத் துளைகளை எண்ணுக. நான்குக்குக் குறைந்தால் அத்தூரத்திற் பன்றியைச் சுடற்க. காயமுற்ற பன்றி பற்றைக்குட் கிடந்து, காலையில் விறகுக்குச் செல்வோரைத் தாக்கும்.