கடிவாளம்: சொல்லும் பொருளும்

மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனம் குதிரை என்பதை நம் சிறுவர்களும் அறிவர். அக்குதிரை இனத்திற்குப் பூட்டும் தலைக்கருவியின் பெயராகிய கடிவாளம் என்னும் சொல்லை ஈண்டு ஆராய்வோம். சூடாமணி நிகண்டு அருளிய மண்டலபுருடர் சமணரே. ஆதலின் சொல்லாராய்ச்சி நம் முன்னோர் போற்றிய கல்வியாகும்.

கீழ்பென்னாத்தூர்ப் பகுதி உழவர் எருதினை மூக்கணாங்கயிற்றால் அடக்குவர். குதிரையை அடக்கும் இடமோ வாய். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. அங்கே குறுக்காகக் கிடக்கும் இரும்பே கடிவாளத்தின் உயிர்நிலை. 'கடி' என்னும் முதனிலையும் அதனையே சுட்டுகிறது. அதனை இழுக்கும் வார், தலையைச் சூழ்ந்த பட்டை, கண்ணோரத்தை மறைக்கும் பட்டை ஆகிய அனைத்தும் சேர்ந்த தொகுதியையும் வழக்கில் கடிவாளம் என்றே கூறுகிறோம்.

பழந்தமிழில் இதற்குக் கறுழ் என்று பெயர். சோழன் உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியின் குதிரைகள் கறுழ் உரசிச் சிவந்த வாயுடன் நின்றமையைப் புறநானூற்றின் 4ஆம் பாடலில் பரணர் பாடுகிறார். இரையின் கழுத்தைக் கவ்விய புலியை அதற்கு உவமையாக்குகிறார். கலினம் என்பது வடமொழி வழி வந்த சொல். அது கிரேக்க மொழியின் 'காலினோஸ்' என்பதோடு தொடர்புடையது என்பர் மொழிநூலார். லகான் பாரசீகத்திலிருந்து வந்தது. கன்னடத்தார் கடிவாண என்பர். குதிரை பல நாட்டார் கைம்மாறி வந்ததைப் போலவே அதன் கருவிப் பெயர்களும் வந்துள்ளன.

இனி, இச்சொல்லின் உவமை வழக்கு இரண்டு. 'நாவிற்குக் கடிவாளம் இடு' என்பது ஒன்று. இது வாயிரும்பினின்று பிறந்து அடக்கத்தைக் குறிப்பது. 'கடிவாளம் கட்டிய குதிரை போல' என்பது மற்றொன்று. இது கண்பட்டையினின்று பிறந்தது. பக்கம் நோக்காது ஒரே திசையில் செல்வதைக் குறிப்பது. சொல் ஒன்றே, பொருள் வெவ்வேறு.

இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றையும் காக்கும் குப்தி முதல் வழக்கைச் சார்ந்தது. தன் கொள்கை ஒன்றே மெய் எனப் பிறர் கூற்றை நோக்க மறுக்கும் ஏகாந்தம் இரண்டாவதைச் சார்ந்தது. அநேகாந்தம் கற்ற நம் இல்லங்களில் முன்னது வேண்டும், பின்னது வேண்டா. பிள்ளை ஓர் ஐயம் எழுப்பும்போது, "கேள்வி கேளாதே, சொன்னதைச் செய்" என்று பெற்றோர் அதட்டுவது அடக்கம் கற்பிப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அங்கே கட்டப்படுவது கண்பட்டையே. அடக்கம் என்பது அவரவர் தம் கையாலேயே பிடிக்க வேண்டிய வார். பெற்றோர் அதனைப் பிடிக்கும் முறையைத் தம் நடத்தையால் காட்டலாம்.

இளையோர் இவ்விரு பொருளிலும் கடிவாளம் என்னும் சொல்லை அமைத்து ஒவ்வொரு தொடர் எழுதிப் பழகுவார்களாக. மூத்தோர் தம் இல்லத்தில் எப்பொருள் ஆட்சி செய்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்களாக.