எட்டு போட முடிகிறதா?

மோட்டார் சைக்கிளை எந்த வயதில் விடலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் வயதைக் கேட்பதில்லை. "பின்னால இன்னும் ஆள ஏத்தறீங்களா?" என்றுதான் கேட்பேன். அறுபதைத் தாண்டியவர் "ஏத்தறேன்" என்று சொன்னால் அன்றைக்கே அதை நிறுத்தச் சொல்வேன். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வண்டியை ஒரே நாளில் விடு என்றால் யாருக்கும் மனசு வராது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் விட்டுவிட முடியும். இருபத்து மூன்று வயதில் ஓட்டத் தொடங்கிய நான் அப்படிக் கழித்துக் கழித்துத்தான் எழுபதில் உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்திக்கொண்டேன். கீழே விழுந்ததால் நிறுத்தவில்லை. நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தபோதே நிறுத்தினேன்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி சேந்தமங்கலம், கொல்லிமலைப் பக்கமே போனது. அவை இருக்கும் நாமக்கல் பகுதி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போடுவது எங்கள் அன்றாட வேலை. காலையில் சினைக்குக் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம் போட வேண்டும், சாயங்காலம் கத்தியதற்கு மறுநாள் காலை. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒற்றைக் கறவையை நம்பியிருக்கிற வீட்டுக்கு அது பெரிய இழப்பு. அதனால் மழை, இருட்டு என்று பார்க்க முடியாது. உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜன் கேனில், மைனஸ் 196 டிகிரிக் குளிரில் இருக்கும். ஆவி வெளியேற வேண்டும் என்பதால் கேனின் மூடி இறுக்கமாக இருக்காது, சாய்ந்தால் கொட்டிவிடும். அதைப் பின்னால் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு மண்பாதையில் போனால் திடீர் பிரேக் போட முடியாது, சட்டென்று வளைக்கவும் முடியாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது அந்தக் கேன்தான். கேன் இல்லாமல் போகிற நாளிலும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. புதிதாக ஓட்ட வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வதும் அதுதான்: பின்னால் கொட்டிவிடக்கூடிய ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டு.

முதல் வண்டி யெஸ்டி. மைசூரில் செய்தது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கிக்கரும் கியரும் ஒரே லீவர். அடுத்து வந்தது பழைய மாடல் புல்லட். அதைக் கிளப்புவதே தனி வித்தை. டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த மாடலில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். யெஸ்டியில் இதற்கு நேர்மாறு. வண்டி மாற்றிய புதிதில், எதிரே ஆடு குறுக்கிட்டால் மூளை யோசிப்பதற்குள் கால் பழைய இடத்துக்கே போகும். இளவயதில் சில வாரங்களில் கால் புதியதைக் கற்றுக்கொண்டுவிடும். வயதான பிறகு அப்படிச் சீக்கிரம் கற்றுக்கொள்ளாது. ஆகவே ஐம்பத்தைந்துக்கு மேல், வீட்டில் இரண்டு விதமான வண்டி இருந்தாலும் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என்னை ஓட்டுநராக்கியது அந்தப் பாதை. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலைச் சட்டம். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி எடுப்பது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவருக்குச் சட்டம் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று அங்கே லாரிக்காரர்கள் சொல்வார்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, பாதி மலையிலேயே பிடிப்பு குறைந்துவிடும். பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிட வேண்டும். வளைவின் முழு அகலமும் பஸ்ஸுக்குத் தேவைப்படும்; அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தவனுக்கு ஒதுங்க இடமே இருக்காது. வளைவில் பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, சாலை எங்கே முடிகிறதோ அங்கே இருக்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

வயதாகிறது என்பதையும் அந்த மலைதான் எனக்கு முதலில் சொன்னது. நேர்ச்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரங்களின் ஓட்டமே வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே நாற்பது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டால் வண்டியைத் தாங்குவது ஆளின் இடுப்பும் கழுத்தும் கணுக்காலும்தான். வயது முதலில் வெளிப்படுவது அங்கேதான். நெடுஞ்சாலையில் நன்றாகத்தானே ஓட்டுகிறேன் என்று சொல்கிறவர் இதைக் கவனிப்பதே இல்லை.

நமக்கெல்லாம் தெரிந்த சோதனை ஒன்று கைவசம் இருக்கிறது. உரிமம் வாங்க எட்டு போட்டோமே, அதேதான். ஆண்டுதோறும் பொங்கலுக்குப் பிறகு ஒரு காலையில் காலியான மைதானத்துக்குப் போங்கள். இரண்டு கல்லை வைத்துக்கொண்டு, தினமும் ஓட்டுகிற வண்டியிலேயே எட்டு போட்டுப் பாருங்கள். கால் தரையைத் தொடுகிறதா என்பது மட்டும் கணக்கில்லை. வண்டி திரும்புவதற்கு முன்னால் தலை திரும்புகிறதா? கண் முன்சக்கரத்துக்கு இறங்கிவிடுகிறதா? தோள் இறுகுகிறதா? கூட ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு நாமே மார்க் போட்டால் சரியாக வராது. என் மகள்தான் எனக்குப் பார்த்துச் சொல்வாள். "அப்பா, வலப்பக்கம் திரும்பறப்ப மட்டும் கால் இறங்குது" என்று அவள் சொன்ன ஆண்டு மலைக்கு ஓட்டிப் போவதை விட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே விட்டது பின்னால் ஆளேற்றுவதை. என் மனைவி புடவை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்துதான் வருவாள். எடை ஒரு பக்கமே இறங்கும்; சிக்னலில் நிற்கும்போது அதையும் சேர்த்து இடது காலே தாங்க வேண்டும். புதிய கிளாசிக் 350 வகை வண்டி மட்டுமே 195 கிலோ. இரண்டு ஆளையும் சேர்த்தால் முன்னூறைத் தாண்டும். அது ஒரு சாண் அதிகமாகச் சாய்ந்துவிட்டால் அறுபது வயது முழங்காலால் நிமிர்த்த முடியாது. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. பின்னால் இருப்பவர் கையில் பிரேக் இல்லை, ஹேண்டில்பார் இல்லை. என் கண்ணையும் என் காலையும் நம்பி உட்கார்ந்திருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியாக இருக்கிறேனா என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஏற்றக் கூடாது. பேரப்பிள்ளையை டேங்க் மேல் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றுவது எவ்வளவு ஆசையான விஷயம் என்று எனக்குத் தெரியும். அதையும் விட்டேன்.

இரவு ஓட்டத்தை அடுத்து விட்டேன். கண்புரை தொடங்கினால் எதிரே வரும் விளக்கு பூவாக விரியும். அது கடந்து போன பிறகும் சில நொடி இருட்டாகவே இருக்கும். அந்தச் சில நொடியில் சாலையோரம் நடக்கிறவர், விளக்கில்லாத சைக்கிள், நெல் காயப்போட்டு அதன்மேல் வைத்த கல் எதுவும் தெரியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குப் பகல் பார்வை தெளிந்தது. இரவில் கூச்சம் முழுவதும் போகவில்லை. கண்புரையாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணீர் அழுத்த நோய் காட்டாது. அது பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகும். இல்லாத இடத்தை மூளை இட்டு நிரப்பிவிடுவதால் நமக்கு ஒன்றும் குறைந்ததாகவே தோன்றாது. நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடி பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல், கண் அழுத்தத்தையும் பார்வைப் பரப்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான்குவழிச் சாலையை விட்டது கழுத்தால். சேலம்–நாமக்கல் சாலையில் ஊருக்குள் பிரிய வேண்டுமானால், பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காரை ஒரே திரும்பலில் பார்த்துவிட வேண்டும். கண்ணாடியில் எல்லாம் தெரியாது. தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை வேண்டும். கழுத்து அதற்கு ஒத்துழைக்காமல் இடுப்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டி வந்தால், வண்டியும் கூடவே சாய்கிறது என்று அர்த்தம். கணக்கும் ஒன்று சொல்கிறேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர் ஓடும். கை பிரேக்குக்குப் போக அரை நொடி கூடுதலானால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே எட்டு மீட்டருக்கு மேல் அதிகமாகப் போயிருப்போம். அது ஒரு டெம்போவின் நீளத்தைவிட அதிகம்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. பாதத்தில் உணர்ச்சி மரத்துவிட்டால் பிரேக் பெடல்மேல் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிச் சர்க்கரை இறங்கினால், சில நிமிடம் புத்தி மங்கிவிடும். சளிக்குப் போடுகிற சில மாத்திரைகளும் தூக்கம் வரவைக்கும். புதிதாக எந்த மாத்திரை எழுதினாலும் "நான் வண்டி ஓட்டறவனுங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர் உரிமத்தைப் புதுப்பிக்க 1ஏ படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். ஐம்பத்தைந்துக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தாண்டுக்குத்தான் கிடைக்கும். அந்தப் படிவத்தைச் சடங்காக நினைக்காமல் உட்கார்ந்து படியுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டை அடையாளம் காண முடிகிறதா என்று கேட்கிறது. மாலைக்கண், காது, சிவப்பு–பச்சை நிறம் எல்லாம் கேட்கிறது. நம்பர் பிளேட் தெரிகிறதா என்பதைத் தெருவில் நின்று நீங்களே பார்த்துவிடலாம்.

படிவத்தில் இல்லாத அடையாளம் ஒன்று: மற்றவர்களின் ஹாரன். உங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்களா? ஊரில் எல்லாருமே பொறுமை இழந்துவிட்டார்கள் என்று தோன்றத் தொடங்கினால், மாறியது அவர்கள்தானா என்று யோசிக்க வேண்டும். வழக்கமாகத் திரும்புகிற இடத்தைத் தாண்டிப் போய்விடுவது, வீடு வந்த பிறகு நடுவழி நினைவில் இல்லாமல் இருப்பது இவையும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சாவியை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் அப்பா அந்த வண்டியில் போய்த்தான் உங்களைப் படிக்க வைத்தார். ஊரில் நாலு பேர் அவரை மதித்தது அந்த வண்டியின் சத்தத்தோடு சேர்ந்துதான். என் மகன் கெட்டிக்காரன். "ஓட்டாதீங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ராத்திரி மட்டும் வேண்டாம்ப்பா, என்ன வேலையா இருந்தாலும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். சொன்னபடி வந்தான், இரவு பத்து மணிக்கும் வந்தான். அப்படி வந்ததால்தான் அவன் அடுத்துச் சொன்னவற்றையும் என்னால் கேட்க முடிந்தது. வரமுடியாத பிள்ளைகள் ஆட்டோக்காரர் ஒருவரை மாதக் கணக்குக்குப் பேசி வைக்கலாம்.

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறி இறங்கச் சுலபம் என்பது உண்மை. ஆனால் நாற்பது ஆண்டு கிளட்ச் பிடித்த இடது கைக்கு அங்கே பின்பிரேக் வருகிறது. பிரேக் மிதித்த காலுக்கு வேலையே இல்லை. சக்கரமும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம்தான். மோட்டார் சைக்கிளின் பதினேழு, பதினெட்டு அங்குலச் சக்கரம் தாண்டுகிற குழியில் இது இறங்கிவிடும். மாறுவதென்றால் ஐம்பதுகளிலேயே மாறிக்கொள்ள வேண்டும். எழுபதில் புதிதாகக் கற்றுக்கொள்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வண்டி இல்லாத வாழ்க்கையை, வண்டி இருக்கும்போதே பழகிக்கொள்வது நல்லது. கடைசி இரண்டு ஆண்டு வாரத்தில் பாதி நாள் பஸ்ஸில் போய்ப் பழகினேன். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து என் மனைவிக்கு எல்லா பஸ் நேரமும் மனப்பாடம். "வாங்க, பதினொன்னேகாலு வண்டி சரியா வரும்" என்று அவள்தான் இப்போது என்னைக் கூட்டிப் போகிறாள்.

வண்டியை வீட்டில் சும்மா நிறுத்தி வைக்காதீர்கள். சாவி கண்ணில் பட்டால் ஒருநாள் கை போகும். பேட்டரி இறங்கி, கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகி, வண்டியும் வீணாகும். ஓடுகிற நிலையிலேயே கொடுத்துவிடுங்கள். நான் கடைசியாக ஓட்டிய ஸ்ப்ளெண்டரைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் தம்பிக்குக் கொடுத்தேன். பணம் வாங்கியதோடு விடாமல் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை கூடவே நின்றேன். பெயர் மாறாத வண்டி எங்கே இடித்தாலும் கேள்வி பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் வரும். இன்சூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்றச் செய்தேன். ஹெல்மெட்டை மட்டும் கேட்டும் கொடுக்கவில்லை. உள்ளே இருக்கிற தெர்மாகோல் வெயிலிலும் வியர்வையிலும் கெட்டுப்போயிருந்தது. வார்ப்பட்டையை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தப் பையனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதியது ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.